நூரக்கா செய்தித்தாளில் வரைந்த கால்

படூர் சிக்னலில் அலுவலகப் பேருந்து நகராமல் நின்றபோதுதான் செய்தி வந்தது. நூரக்கா போய்விட்டார். விடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்றாராம், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சிறுசேரியில் எங்கள் வரவேற்பு மேசையில் அவரோடு நின்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். நின்றவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்பது மணி நேரத்தில் நாம் உட்கார்வது சாப்பாட்டுக்கு மட்டும்தானே. அதுவும் அலுவலக விதிப்படி கூர்முனை ஷூவில், இரண்டு அங்குலக் குதியில்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் என் வலது கால் கட்டைவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாயத் தொடங்கியது. அதன் அடியில் எலும்பு புடைத்துச் சிவந்தது. மெட்டிதான் விரலை இழுக்கிறது என்று நானாக முடிவு செய்து கழற்றி வைத்தேன். மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வலி மட்டும் அப்படியே இருந்தது. ஓய்வறையில் என் காலைப் பார்த்த நூரக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மெட்டி இன்னாடி பண்ணுச்சு உன்ன? அத்த மாட்டு. ஷூவ கழட்டு."

கேளம்பாக்கத்தில் அவருடைய வாப்பா செருப்புக் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பு அக்காதான் அங்கே வியாபாரம் பார்த்தவர். கடையில் செய்வதுபோலவே பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, என்னை ஏறி நிற்கச் சொல்லி, பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு அந்தக் கோட்டின்மேல் என் ஷூவை வைத்தார். ஷூவுக்கு இரண்டு பக்கமும் கோடு வெளியே தெரிந்தது.

"பாத்துக்கினியா? காலு வெளிய கீது, ஷூ உள்ள கீது. மீதி காலு எங்க போவும்?"

எனக்குச் சமாதானமாகவில்லை. என் அம்மா ஷூவே போட்டதில்லை, அவர் காலிலும் இதே புடைப்பு உண்டே என்றேன்.

"அப்ப காலு உங்கம்மா குடுத்தது, ஷூ ஆபீஸ் குடுத்தது. ரெண்டும் கூட்டு சேந்தா வெரலு பாவம் இன்னா பண்ணும்?"

பின்னாளில் எலும்பு மருத்துவரும் சுற்றி வளைத்து இதையேதான் சொன்னார். பாதத்தின் அமைப்பும் தளர்ந்த மூட்டும் பெரும்பாலும் பிறப்போடு வருபவை. குறுகிய ஷூவும் உயரமான குதியும் நாள் முழுக்க நிற்பதும் நிலைமையை மோசமாக்கும். புதிதாக எலும்பு முளைப்பதில்லை, இருக்கிற எலும்புதான் இடம் மாறிப் பிதுங்குகிறது.

சென்ற ஆண்டு எங்கள் ஆறு பேர் கால்களையும் வரைந்து எடுத்துக்கொண்டு அக்கா மேலாளர் அறைக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். தட்டையான, அகலமான ஷூ போட அனுமதி கேட்டார். மேலாளர் அந்தத் தாள்களைத் தொடவே இல்லை. என்னைப் பார்த்து, "உங்களுக்கும் வலிக்குதாம்மா?" என்றார்.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் அது. "இல்ல சார்" என்றேன்.

ஷூ விதி மாறவில்லை. அடுத்த வாரமே அக்காவைத் தபால் பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். கையை ஆட்டித் தடுத்துவிட்டார்.

"வுடுடி. இங்க குந்திகினுதான் வேல. என் காலுக்கு நல்லதுதான்."

என்னைத் தேற்றத்தான் சொல்கிறார் என்று தெரியும். தெரிந்தும் தேறிக்கொண்டேன்.

கோவளத்தில் அவர் வீட்டுக்குப் போய் முகம் பார்த்தேன். கால்களை வெள்ளைத் துணி மூடியிருந்தது. திரும்பும்போது வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே என் ஷூவைத் தேடி எடுத்து, மறுபடி அதற்குள் காலைத் திணித்தேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அக்காவுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் செய்தித்தாள்தான். கட்டைவிரல் அருகே அவர் அழுத்திப் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. அடுத்த மாதம் மறுபடி என் ஒப்பந்தம் மேலாளர் மேசைக்குப் போகும். இதை அவரும் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆமாம் சார், வலிக்கிறது. அன்று அக்கா பக்கத்தில் நின்றபோதும் வலித்தது.