புளி போட்டுத் தேய்த்த மீன்தொட்டி

க்ரீச்... க்ரீச்... க்ரீச்...

தேங்காய் நார் கண்ணாடியில் உரசுகிற சத்தம். எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, காது பாதி மந்தம். அந்தச் சத்தம் மட்டும் இன்னும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

நாற்பதுகளில் நாங்கள் திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது இருக்கும். ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய பேட்டரியின் சதுரக் கண்ணாடித் தொட்டி ஒன்றை அப்பா கொண்டுவந்து தந்தார். ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும். கிள்ளியாற்றில் தோர்த்துத் துண்டை விரித்துப் பிடித்த ஆறு பரல் மீன்களை அதில் விட்டேன். சுண்டுவிரல் நீளம், வெள்ளி நிறம்.

மீன் வாசனையே ஆகாத தெருவில் மீன் வளர்க்கிற வீடு! தெருவே சிரித்தது. அம்மா அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அழுக்கைத்தான் பொறுக்க மாட்டாள். எங்கள் வீட்டு வெண்கலப் பானையில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. தினமும் விடிந்ததும் மீன்களைச் செம்பில் ஒதுக்கிவிட்டு, தொட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்பி வைப்பாள்.

கண்ணாடி பளபளவென்று இருக்கும்...
மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும்...
சாயங்காலம் ஒன்று மிதக்கும்.

ஒரு வாரத்தில் நாலு போயிற்று. செத்த மீன் கிடந்த வீடு என்று ஒவ்வொரு தடவையும் கூடம் முழுக்கக் கழுவி, எல்லோரும் குளித்து... பெரிய ரகளை. நாலாவது தடவை அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"இனி ஒண்ணு செத்துதோ, தொட்டியோட தூக்கிக் களைவேனாக்கும். கேட்டியோ?"

மிச்சம் இரண்டு. அதில் ஒன்றுக்கு வால் கிழிந்திருந்தது. மூளி என்று பெயர் வைத்திருந்தேன். எனக்கு உயிரே அதன்மேல்தான்.

மறுநாள் ஸ்கூல் விட்டு நேரே ஆற்றங்கரையில் போய் நின்றேன். பரல் எல்லாம் பாசிக்குள்ளேதான் திரிந்தது. பாசி இல்லாத படித்துறைப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அடி முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேலம்பாசி ஒரு கொத்து, நாடா மாதிரி நீள இலை உள்ள செடி நாலு, வேரோடு பிடுங்கினேன். கொஞ்சம் மணலும் அள்ளிப் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்தேன். தொட்டியில் மணல் பரப்பி நட்டு, முற்றத்து வெயில் விழுகிற இடத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

காலையில் அம்மா புளியோடு வந்தாள்.

"ஐயே, என்னதிது சவறு, குப்பையாட்டம்? எடு கையை."

நான் தொட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

"மாட்டேன். கிள்ளியாத்தை யாரும்மா புளி போட்டுத் தேய்க்கறா?"

முதுகில் ஒன்று விழுந்தது. கையை விடவில்லை. ஸ்கூலுக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. மத்தியானம் அம்மாவே அலுத்துப்போய், "என்னமோ செய். செத்தா தொட்டி போகும், அவ்வளவுதான்" என்று நாரை வீசிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. மணிக்கொரு தடவை போய் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் தெளிந்தது. வெயில் பட்டதும் இலையெல்லாம் குட்டிக் குட்டியாய்க் குமிழி... மூளி வாய் பிளப்பதை நிறுத்தியது. பயந்தால் செடிக்குள் ஒளிந்தது, பசித்தால் இலையில் படிந்ததைக் கொறித்தது. மீனின் கழிவு செடிக்கு உரம், செடி விடும் காற்று மீனுக்கு மூச்சு என்பதெல்லாம் பின்னாளில் படித்தது. அன்றைக்கு மூளி சாகவில்லை, எனக்கு அது போதும். ஒரு மாதத்தில் கிழிந்த வால் வளர்ந்து, வைத்த பெயரே பொருந்தாமல் போயிற்று.

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "என்ன அழுக்கு இது, வீட்டு நடு முத்தத்துலே?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

"அழுக்கில்லை மாமி. அதுகள் குடியிருக்கற வீடாக்கும் அது. தொடப்படாது, கேட்டேளா?"

இப்போது மகனுடைய ஃபிளாட்டில் நாலடி டேங்க். கலர் லைட், மோட்டார், பிளாஸ்டிக் செடி. மாதம் ஒரு தடவை சர்வீஸ்காரர் வந்து மொத்தத் தண்ணீரையும் கொட்டி, பைப் தண்ணீர் பிடித்து, பளபளவென்று ஆக்கிவிட்டுப் போவார். மறுநாள் ஒன்றிரண்டு மிதக்கும். மகன் அதே நிறத்தில் வாங்கி எனக்குத் தெரியாமல் விட்டுவிடுவான். கிழவிக்குக் கண் தெரியாது என்று நினைப்பு!

போன வாரம் பிளாஸ்டிக்கை எல்லாம் பிடுங்கிப் போட்டேன். ஹோம் நர்ஸை அனுப்பி நிஜச் செடி வாங்கி நட்டேன். இன்று காலை சர்வீஸ்காரர் பக்கெட்டோடு வந்தார். நாற்காலியை டேங்குக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, எந்தா இது, கொச்சுக் குழந்தை மாதிரி? தண்ணி அழுக்காயிடும்மா" என்றான் மகன்.

"கால்வாசித் தண்ணி மாத்தட்டும். மிச்சத்துலே கைய வெச்சா நான் சாப்பிட மாட்டேன், பாத்துக்கோ."

சர்வீஸ்காரர் சிரித்துக்கொண்டே பக்கெட்டைக் கீழே வைத்தார். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டான். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை... நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் இதை ஃபோனில் தட்டுகிறேன்.

அம்மா இருந்திருந்தால் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருப்பாள்.