எதிர் மேசைக்காரரின் இன்பாக்ஸ்

துறைமுகச் சாலையில் ஒரு சரக்கு ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். ஊழியர்களின் மின்னஞ்சல்கள் அழிந்துபோகாமல் சேமித்து வைப்பது என் பொறுப்பு. ஆடிட்டுக்கோ வழக்குக்கோ கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களுடைய மெயில்களும் சட்டம் சொல்லும் காலம்வரை என்னிடம்தான் இருக்கும்.

எதிர் மேசையில் இருந்தவர், தோணிகளில் மாலத்தீவுக்குச் சரக்கு அனுப்பும் வேலையைப் பார்த்தவர். போன மழைக்காலத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்து, அவருடைய மெயில் கணக்கைப் பூட்டினேன். ஒரு சரக்கு வழக்கில் அந்தக் கணக்கு தேவைப்பட்டது. அதில் எதையும் அழிக்கக் கூடாது, அதிலிருந்து யாருக்கும் பதில் போகக் கூடாது. வருவது மட்டும் வந்து சேரும்.

வந்தது. மாலே நகரில் கடை வைத்திருந்து, அதை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கும் ஒரு பழைய வாடிக்கையாளர் எழுதிக்கொண்டே இருந்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தன் மேல் கோபமா என்று கேட்டார். மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாகப் படம் அனுப்பினார். காலையில் வந்ததும் அந்தக் கணக்கைத்தான் முதலில் திறப்பேன். என் போனுக்கு வங்கியைத் தவிர யாரும் எதுவும் அனுப்புவதில்லை.

பொறுக்க முடியாமல் மேலாளரிடம் சொன்னேன்.

"ஏம்மா, அந்தக் கணக்குல இருந்து ஒரு எழுத்து வெளிய போச்சுன்னா வக்கீல் உசிர எடுத்துருவாரு. ஒன் போன்ல கூப்ட்டுச் சொல்லிரு" என்றார்.

மெயிலின் அடியில் எண் இருந்தது. மதியம் மொட்டைமாடிக்குப் போய்க் கூப்பிட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க யார்?" என்றார், உடைந்த தமிழில்.

"அதே ஆபீஸ்தான். அவரு சீட்டுக்கு எதுத்த சீட்டு."

"ஓ, தெரியும். அவர் சொல்லும். நல்ல பொண்ணு, பேசாது. டீ வாங்கி வச்சா ஆறினபிறகுதான் குடிக்கும்."

அந்த டீ அலுவலகத்தில் எல்லாருக்கும் கொடுப்பது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"டீ அவரா வாங்கித் தந்தாரு?"

"வேற யார்?"

பேச்சை மாற்றத்தான் கேட்டேன்: "பேரன் நல்லா இருக்கானா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க மெயில்ல பாத்தேன்."

"அப்ப யாரோ படிச்சாங்க" என்றார். அழுகிறாரா என்று தெரியவில்லை. "சந்தோஷம்மா."

மறுநாள் காலை பழக்கத்தில் அந்தக் கணக்கைத் திறந்தேன். எதுவும் வந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இனி வராது என்பது எனக்குப் புரியச் சில நாள் ஆனது. வழக்கு இன்னும் நடக்கிறது. எதிர் மேசையில் பிரிண்டரை வைத்திருக்கிறார்கள்.

நோன்புப் பெருநாளன்று மாலேக்காரருக்கு வாழ்த்துச் சொல்ல நினைத்து, போனில் நாலு வரி எழுதினேன். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கடைசியில் அனுப்பவில்லை.