சிப்பிக் கத்தியும் எங்கள் ஊர் மணலும்

இல்லை, கடலோரத்தில் இல்லை. தங்கச் சுரங்க ஊரான எங்கள் சாம்பியன் ரீப்ஸில், தன் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லில் வைத்துத்தான் எமல்டா அக்கா அந்தக் கத்திகளைச் செய்தார். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் இதைத்தான் கேட்டார்கள். கடலே இல்லாத ஊரில் சிப்பிக் கத்தி எப்படி என்று.

செய்தி எனக்கு ரயிலில் வந்தது. காலை வண்டி. அவர் ஏறினாரா என்று நான் பார்க்கவில்லை. மூன்று வாரங்களாகவே அவர் உட்காரும் பெட்டியைத் தவிர்த்து வேறு பெட்டியில் போய்க்கொண்டிருந்தேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் அவர் கணவர் வின்சென்ட் அண்ணன் போன் செய்தார்.

"உங்க அக்கா பூட்டாம்மா."

எனக்குப் புரியவில்லை. "எங்க போனாங்க?" என்று கேட்டேன்.

"குளிச்சிட்டு வந்து ஒக்காந்தா. பையில டிபன் பாக்ஸ் வெச்சா. அவ்ளோதான். நெஞ்சுன்னு சொல்றாங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். திரும்பிப் போகும் வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

அவரை ரயிலில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூரில் நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையில் அவர் ஆய்வக உதவியாளர். மாதா கோவிலில் மட்டும் பார்த்தவர்களுக்கு இதுகூடத் தெரிந்திருக்காது. "காலேஜ்ல வேலை" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. மண் சலிப்பது, பானை ஓடு கழுவுவது, எண் எழுதுவது. இருபது வருடங்கள்.

என் ஆய்வு சிப்பிகளைப் பற்றியது. நல்ல கல் கிடைக்காத கடற்கரைகளில் பழைய மனிதர்கள் சிப்பியை உடைத்தும் தேய்த்தும் கத்தியாக்கினார்கள். தோண்டும்போது கூர்மையான சிப்பித் துண்டுகள் வருகின்றன. தானாக உடைந்ததா, செய்ததா என்று தெரிய வேண்டுமானால் நாமே ஒன்று செய்து, அதன் கீறல்களையும் பழையதன் கீறல்களையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட வேண்டும். நான் எல்லாக் கட்டுரைகளையும் படித்திருந்தேன். என் கையில் சிப்பிகள் நொறுங்கின. ஒருநாள் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து நொறுக்கிக்கொண்டிருந்தபோது எமல்டா அக்கா வந்து நின்றார்.

"இன்னா தீபா, சட்னி அரைக்கிறியா?"

ஒவ்வொரு சிப்பியையும் எடுத்துக் கரண்டியால் தட்டினார். காதருகே வைத்து மறுபடி தட்டினார். சிலவற்றை ஓரமாகத் தள்ளினார். "இதெல்லாம் பொக்கு. உள்ள விரிசல் கீது." சுரங்கத்தில் மேல்பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்களாம். சத்தம் கணீரென்று இல்லாமல் மொத்தென்று இருந்தால் அங்கே நிற்கக் கூடாது. அவர் அப்பா, வீட்டுக்குப் பானை வாங்கினாலும் பூசணிக்காய் வாங்கினாலும் அப்படித்தான் தட்டுவாராம். மீதி இருந்த சிப்பிகளை உட்புறத்திலிருந்து அடித்தோம். நேராகப் பிளந்தன. அன்றிலிருந்து அந்த வேலை எங்கள் இருவருடையதாயிற்று.

துறையில் வாரக்கணக்கில் சிப்பியையும் மணலையும் பரப்பிவைக்க இடம் இல்லை. அதனால் சிப்பி மூட்டையை அவர் ஊருக்குக் கொண்டுவந்தார். மாலை வண்டியில் அது நாறியது. எதிரே இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாம்மா, மீன் கடையையே தூக்கிகினு வந்துட்டியா?" என்றார்.

"மீன் இல்ல அண்ணே. கத்தி."

அந்த நேரம் பார்த்து ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் கடந்து போனார். நின்றார். "எது கத்தி? எடு பாக்கலாம்." அக்கா மூட்டைக்குள் கைவிட்டு, பிளந்து வைத்திருந்த ஒரு சிப்பித் துண்டை எடுத்துக் கொடுத்தார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கத்தியா? சிப்பிம்மா இது."

"கத்தின்னா இன்னா சார்? அறுத்தா கத்தி." சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்திய மனிதரின் அட்டைப்பெட்டிக் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தார். பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் டப்பாக்கள் சரிந்தன. ரயில் பெட்டி முழுக்கச் சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்தார். டப்பாக்களைப் பொறுக்கி, கயிற்றை முடிச்சுப் போட்டுக் கொடுத்தது நான்.

அவர் வீட்டுப் பின்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த பிறகு தேய்ப்போம். கல்லின்மேல் மணல், மணல்மேல் தண்ணீர், அதன்மேல் சிப்பியின் விளிம்பு. முன்னும் பின்னும். மணல்தான் தேய்க்கிறது, கல் வெறும் இருக்கை. ஒருமுறை தண்ணீர் தீர்ந்துவிட்டது. சோம்பலில் நான் உலர்ந்தபடியே தேய்த்தேன். வெள்ளைத் தூள் பறந்தது. சமையலறையிலிருந்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"தண்ணி இல்லாம கல்லுல கை வெக்காதே. எங்கப்பா மாரி இருமணுமா உனக்கு?"

அவர் அப்பா பாறையில் துளையிடும் வேலை பார்த்தவர். தூசி நுரையீரலில் தங்கி இறந்தார். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனார்.

மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து ஒரு வாளி மணல் வரவழைத்திருந்தோம். எங்களுக்குக் கை பழகுவதற்குள், இரண்டாவது ஞாயிறே தீர்ந்துவிட்டது. "கொஞ்சம் மணல் அள்ளிக்கினு வா" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், சாக்கடை ஓரம் ஒதுங்கியிருந்ததை அள்ளி வந்தேன். அள்ளி வந்தது நான். இருவரும் அதைப் பார்த்தோம். வெளிர் சாம்பல் நிறம், மாவு போல. எங்களுக்கு அது மணல். சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டிலிருந்து காற்றும் மழையும் கொண்டுவந்து போடுவது. பிறந்ததிலிருந்து எங்கள் ஜன்னல் கம்பியிலும் கொடித் துணியிலும் படிந்திருப்பது. வேறு ஊரில் பிறந்த யாராக இருந்தாலும் இது என்ன என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

சிப்பி அன்று அற்புதமாகத் தேய்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மீனை அறுக்கும் விளிம்பு வந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதே வாளி, அதே மணல். கீறல்கள் மெல்லியவை, நெருக்கமானவை, அழகானவை. அவற்றை வைத்துக் கட்டுரை எழுதினோம். ஒரு மணி நேர வேலை போதும், ஆகவே கரையோர மக்கள் இவற்றை நினைத்தபோது செய்து, நினைத்தபோது எறிந்திருப்பார்கள் என்பது எங்கள் முடிவு. செய்முறைப் பகுதியில் "சாதாரண மணல்" என்று எழுதினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கட்டுரை வெளிவந்தது. அதுவே என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல்.

ஆசிரியர் பெயர்களில் இரண்டாவது எமல்டா. துறையில் ஆய்வக உதவியாளர் ஒருவரின் பெயர் கட்டுரையில் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் எதையும் கொண்டாடுகிறவர் அல்ல. ஆனால் முதல் பக்கத்தை நகலெடுத்துத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். வின்சென்ட் அண்ணன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பினார். "இங்கிலீஸ்ல இன்னா எழுதிக்கீதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. பேரு மட்டும் தெரியும், அது போதும்" என்று அக்கா சொன்னார்.

அதன் பிறகு நடந்தது இது. முதலாண்டு மாணவர்களுக்குச் செய்து காட்டுவதற்காக அவர் துறையிலேயே ஒரு சிப்பியைத் தேய்த்தார். புதிதாக வந்த கடற்கரை மணல். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மாணவர்கள் போய்விட்டார்கள். மாலைவரை தேய்த்தும் விளிம்பு மழுங்கலாகவே இருந்தது. அவர் இரண்டு மணலையும் தனித்தனியாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். யாரும் சொல்லாமல், தானாக. கடல் மணல் உருண்டை. நம்முடையது உடைந்த கண்ணாடி போல மூலை மூலையாக இருந்தது. தங்கத்துக்காகப் பாறையை ஆலையில் இடித்து மாவாக்கிய மணல் அது. எந்த ஆதிமனிதனுக்கும் அது கிடைத்திருக்காது.

மறுநாள் காலை வண்டியில் சொன்னார். நான் முழுக்கக் கேட்டுக்கொண்டேன். பிறகு சொன்னேன், "யாருக்கும் தெரியப்போறதில்லக்கா."

"நமக்குத் தெரியுமே."

"அடுத்த மாசம் தீசிஸ் குடுக்கணும். மூணாவது சாப்டர் இல்லன்னா ஒண்ணுமே இல்ல."

"இல்லாததை இல்லன்னு எழுது. மறுபடி பண்ணுவோம். ஞாயித்துக்கெழமை கீதே."

அதற்கு நான் சொன்னது இங்கே வர வேண்டும். "உங்களுக்கு என்னக்கா போகப்போகுது? டிகிரி என்னோடது."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வண்டி ஒயிட்ஃபீல்டில் நின்று கிளம்பியது.

"ஆமா. டிகிரி உன்னோடது. பேரு என்னோடதும் கீதே."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சரிபார்ப்பதுபோலச் சொன்னார். இரண்டு நாள் கழித்து என் மேசைமேல் மடித்த ஒரு தாளை வைத்தார். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகைக்கு ஒரு கடிதம். அவர் கையெழுத்து இருந்தது, என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "படிச்சிட்டுப் போடு. போடலன்னாலும் படி" என்றார். நான் படிக்கவில்லை. பையில் வைத்துக்கொண்டு பெட்டி மாறி உட்கார ஆரம்பித்தேன். ஆய்வகத்தில் பார்த்தால், "சாப்டியா?" என்று மட்டும் கேட்பார். கடிதத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடக்கம் மறுநாள் நடந்தது. ரயில் சினேகிதிகள் வந்திருந்தார்கள். அந்த அட்டைப்பெட்டிக்காரரும் வந்திருந்தார். வின்சென்ட் அண்ணன் என்னைத் தன் மைத்துனரிடம் காட்டி, "இந்தப் பொண்ணும் நம்ம எமல்டாவும் சேந்துதான் அந்தப் புக்குல எழுதினாங்க" என்றார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்தைப் பிரித்தேன். எளிய ஆங்கிலம், அரைப் பக்கம். இரண்டு மணலையும் பற்றித் தெளிவாக எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: மணலைத் தேர்ந்தெடுத்தது நான், எமல்டா. அந்த இடத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஆசிரியர் மாணவி. இதில் அவர் பிழை எதுவும் இல்லை.

நானும் அதே ஊர்தான். வாளி என் கையில் இருந்தது.

அப்படியே கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். கட்டுரை போகும், என் பெயர் போகாது. மறுக்க யாரும் இல்லை. இதை ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பெரிய விஷயம் எதுவுமில்லை. எதையும் கையில் எடுப்பதற்குமுன் இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்பது. தண்ணீர் ஊற்றிவிட்டுத் தேய்ப்பது. சண்டை போட்டவளிடமும் சாப்பிட்டாயா என்று கேட்பது. கடைசியாகச் சொன்னது எனக்கு இன்னும் வரவில்லை.

நேற்றுக் காலை அந்தக் கடிதத்தை மறுபடி தட்டச்சு செய்தேன். அவர் எழுதியதில் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், மணலை அள்ளி வந்ததும் அதைச் சாதாரண மணல் என்று எழுதியதும் நான், அது அப்படி இல்லை என்று கண்டுபிடித்தவர் காலமான எமல்டா என்று சேர்த்தேன். அவருடைய மூலக் கடிதத்தையும் ஒன்றும் மறைக்காமல் கூடவே இணைத்தேன். கையெழுத்திட்டேன். பத்திரிகைக்கு ஒன்று, என் வழிகாட்டிக்கு ஒன்று அனுப்பினேன். வின்சென்ட் அண்ணனுக்குப் போன் செய்து, அந்தக் கட்டுரை இனி இருக்காது என்று சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். "அவ கண்டுபுடிச்சதா?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு கணினியைத் திறந்து மூன்றாம் இயலை நீக்கினேன். நான்காம் இயலை மூன்று என்று மாற்றிவிட்டுப் பக்க எண்களைத் திருத்தினேன்.