சாம்பிராணி எங்க?

சாம்பிராணி கப்பலில் வந்த சாமான். சொல்லும் கப்பலில்தான் வந்தது என்பார்கள். எந்தத் துறையிலிருந்து என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. எங்கள் திருகோணமலையில் அது கோயிலுக்கும் வேண்டும், முஸ்லிம் வீடுகளுக்கும் வேண்டும், பிள்ளை பெற்றவள் தலை உலர்த்தவும் வேண்டும். மந்தமான ஆளைத் திட்டவும் அதே சொல்தான். பற்றி எரியாமல் புகைந்துகொண்டே கிடப்பதால் இருக்கலாம்.

என்னைப் பெண் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் இயந்திரம் திருத்தும் வேலை. தகப்பன் குச்சவெளிப் பக்கத்தில் தலைமை ஆசிரியர். எல்லோரும் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரம் என்பதால் அம்மா குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"தணல் ஆறப்போகுது. சாம்பிராணி எங்க?"

மாப்பிள்ளை சட்டென்று எழுந்து நின்றார். "இஞ்ச நிக்கிறன்."

தகப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டில நாங்கள் அப்பிடித்தான் கூப்பிடுறனாங்கள். சோதினை ஒண்டும் பாஸ் பண்ணேல்லை. மண்டையில என்ன இருக்கு?"

அவர்கள் போனதும் அம்மா சொன்னார்: "சாம்பிராணியெண்டு கூப்பிட எழும்புற ஆளுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்க ஏலாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுசன் மீதல்ல, அந்தச் சிரிப்பின் மீது. பெற்ற தகப்பன் எத்தனை வருடம் கூப்பிட்டிருந்தால் ஒருவருக்குக் கால் தானாக எழும்பும்?

"எனக்கு ஓம்," என்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் சம்மதித்தார்.

கல்யாணம் முடிந்து லிங்கநகரில் குடியிருந்தோம். மாமா, இவரின் தகப்பன், முதல் தடவை வந்தார். இவர் முற்றத்தில் சைக்கிளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"டேய் சாம்பிராணி, இஞ்ச வா!"

நான் தணலை அள்ளி, தூள் போட்டு, குபுகுபுவென்று புகைகிற தூபக்காலைக் கொண்டுபோய் மாமாவின் காலடியில் வைத்தேன்.

"இந்தாங்கோ மாமா. இந்த வீட்டில சாம்பிராணி இது மட்டுந்தான்."

இருமி இருமி அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு முற்றத்தைப் பார்த்து, பிறந்தபோது தான் வைத்த பெயரைச் சொல்லி மகனைக் கூப்பிட்டார்.

இவர் திரும்பவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை. புருசன் பெயரை நான் சொல்லக் கூடாதே. போய்த் தோளைத் தொட்டேன்.

"உங்களைத்தானப்பா கூப்பிடுறார்."

"என்னையோ?" என்றார்.