நெல்டா உட்கார்ந்த நாற்காலி

நெல்டா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாளாம். யார் சொன்னது? மேவிஸ். மேவிஸ் அப்போது எங்கே இருந்தாள்? சுவருக்கு அந்தப் பக்கம், தன் முடி அலங்காரக் கடையில், யாருடைய தலையையோ உலர்த்துகிற மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மெஷின் ஓடும்போது வாசலில் லாரி கவிழ்ந்தாலும் அவளுக்குக் கேட்காது. கதவுச் சத்தம் மட்டும் கேட்டுவிட்டதாக்கும். நான் உள்ளே, கோய் கடைச் சமையலறையில் இருந்தேன். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, அதற்கு மேலும் மேவிஸைத்தான் நம்புவேன் என்றால் நம்பிக்கொள்ளுங்கள்.

நெல்டா குடித்திருந்தாளாம். கோய் கடையில் மற்றவர்களுக்கு பியர் பாட்டில் திறந்தே கை காய்த்துப்போனவள் அவள். ஒரு சொட்டு வாயில் விட்டதில்லை. அங்கே பாட வருகிற டாயலோடு ஓடிப்போய்விட்டாளாம். டாயல் போன வாரம்தான் என் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி நான் சுட்ட பீச் பழப் பலகாரம் வாங்கிக்கொண்டு போனான். ஓடிப்போனவன் பலகாரம் வாங்கத் திரும்பி வருவானா?

மேவிஸுக்கு வேறு கோபம். அதை அவள் சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன். அவள் கடைக்கும் கோய் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். நாஷ்வில்லில் பெரிய பாடகர்கள் பாடுகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. கோய் கடை அப்படியல்ல. அந்தப் பாடகர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுப்பவர்கள் வந்து தங்கள் பாட்டைத் தாங்களே பாடுகிற இடம். மேடை கிடையாது. அறைக்கு நடுவில் நான்கு நாற்காலிகள், ஒன்றையொன்று பார்த்தபடி. நான்கு பேர் கிடாரோடு உட்கார்ந்து முறை வைத்துப் பாடுவார்கள். சுற்றிலும் முழங்காலோடு முழங்கால் இடிக்க மேசைகள். பாட்டு நடக்கும்போது யாரும் பேசக்கூடாது, எழுந்து போகக்கூடாது, முள்கரண்டி தட்டில் படுகிற சத்தம்கூட வரக்கூடாது.

அந்த அமைதியைக் காப்பாற்றுவது நெல்டா ப்ரூயிட்டின் வேலை. தட்டு கொண்டுபோவாள், காப்பி ஊற்றுவாள், பேசுகிறவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பாள். அதற்கு மேலும் பேசினால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் பாதிக் கோழி மிச்சமிருக்கும்போதே தட்டை இழந்ததை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்தக் கோழியை நான்தான் வறுத்தேன் என்பதால் எனக்கு வருத்தம்தான். வியாழக்கிழமைகளில் சாயங்காலம் பாட்டு தொடங்குவதற்கு முன் நெல்டா அடுத்த கடைக்குப் போய், "மிஸ் மேவிஸ், ஆரம்பிக்கப் போறாங்க, மெஷினை நிறுத்துங்க கண்ணு" என்பாள். மேவிஸ் நிறுத்தத்தான் வேண்டும். கடைக்கு இடம் கொடுத்ததே கோய். ஈரத் தலையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் மேவிஸைத் திட்டுவார்கள், மேவிஸ் நெல்டாவைத் திட்டுவாள். விஷயம் இவ்வளவுதான்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. பகலில் பாட்டெழுதுகிறவர்கள் அங்கே கூடுவார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம். கதவைச் சாத்திய பிறகு அறைக்குள் இருக்கிற அத்தனை பேரும் அந்தப் பாட்டை எழுதியவர்கள். ஒருவன் முழுப்பாட்டையும் எழுதி, இன்னொருவன் தலையை மட்டும் ஆட்டியிருந்தாலும் இருவரும் சமம். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அளக்கமாட்டார்கள். அளக்க ஆரம்பித்தால் சிநேகம் போய்விடும் என்பார்கள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பாடும்போது, இதை இன்னாரோடு சேர்ந்து எழுதினேன் என்று பேர்களைச் சொல்லிவிட்டுத்தான் கிடாரில் கை வைக்கவேண்டும்.

நெல்டாவின் புருஷன் வெர்ன் அந்த வசந்த காலத்தில் ஆர்க்கன்சாவுக்குப் போய்விட்டான். தூண்டில்களை எடுத்துக்கொண்டான், நாயை எடுத்துக்கொண்டான். அதற்கு அடுத்த வாரம் டாயல், ரெக்ஸ், லீலண்ட் மூவரும் பின்னறையில் பாட்டு வராமல் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தது இரண்டு பேர். லீலண்ட் சோபாவில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினான். நெல்டா காப்பி கொண்டுபோனாள். ஏசிக் காற்று வெளியே போகிறது என்று டாயலே சொன்னதால் காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். ரெக்ஸ் நல்ல பையன், வெர்ன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தான்.

"போயிட்டான்" என்றாள் நெல்டா, ஊற்றிக்கொண்டே. "போறப்ப வாசல் பல்பையும் கழட்டிட்டுப் போயிட்டான்."

டாயலும் ரெக்ஸும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். தனக்காக வருத்தப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்ததாக என்னிடம் சொன்னாள். வருத்தமெல்லாம் இல்லை. டாயல் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தான்.

பாட்டு நன்றாகத்தான் வந்திருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். முதல் தடவை பாடும்போது டாயல் சொன்னான்: "இத நானும் ரெக்ஸும் லீலண்டும் எழுதினோம். ஒருநாள் வண்டி ஓட்டிக்கிட்டு வரேன், தெருவுல ஒரு வீட்டு வாசல் மட்டும் இருட்டா கெடந்துச்சு. அங்கதான் தோணிச்சு." புருஷன் பல்பைக் கழற்றிக்கொண்டு போகிற இடம் வந்ததும் முன்மேசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். நெல்டா சுவரோரமாக நின்று உதட்டில் விரல் வைத்து அவர்களை அடக்கினாள். தன் வீட்டுக் கதையை வேறொருவன் பாட, அதற்கு இவள் காவல். வாரா வாரம் இப்படித்தான். அந்தப் பாட்டைக் கேட்கவே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் டாயல் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டேவிட்டாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தானும் கதவு சாத்தின அறைக்குள் இருந்தவள்தானே, தன் பேரை ஏன் சொல்வதில்லை என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

"மிஸ் நெல்டா, நீங்க காப்பி ஊத்த வந்தீங்க" என்றான் அவன். "உக்காரவே இல்லையே."

"லீலண்ட் உக்காந்திருந்தானா?"

"அவன் படுத்திருந்தான்."

"படுத்தா சரி, நின்னா தப்பா?"

டாயல் சிரித்துவிட்டு அவள் தோளைத் தட்டினான். "இதையே ஒரு பாட்டா எழுதலாம் போலிருக்கே" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான்.

விட்டுத்தள்ளு என்றேன். பாட்டுக்காரர்கள் அப்படித்தான், கேட்டதையெல்லாம் தாங்களே கண்டுபிடித்ததாக மனதார நம்பிவிடுவார்கள் என்றும் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "எனக்குப் பங்கு வேணாம். பேரைச் சொல்லட்டும். அது என் வாசல்" என்றாள். அந்த வாசலுக்கு அவள் புது பல்பு போடவும் இல்லை. இருட்டில் சாவித்துவாரத்தைத் தடவிக்கொண்டுதான் வீட்டுக்குள் போவாள். அதற்கும் மேவிஸ் ஒரு அர்த்தம் சொன்னாள். அதை நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை.

அந்த வியாழக்கிழமை நாக்ஸ்வில்லிலிருந்து வரவேண்டிய நான்காவது ஆளுக்கு வழியில் டயர் வெடித்துவிட்டது. டாயலும் ரெக்ஸும் லீலண்டும் உட்கார்ந்துவிட்டார்கள். டாயலுக்கு இடதுபக்க நாற்காலி காலி. நெல்டா அன்றைக்கு மேவிஸிடம் போய்ச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுவது எல்லோருக்கும் கேட்டது. கோய் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, என்ன ஆயிற்று இவளுக்கு என்பதுபோலக் கையை விரித்தான். எனக்கும் தெரியாது.

டாயல் வழக்கம்போல மூன்று பேரைச் சொன்னான், இருட்டு வீட்டுக் கதையைச் சொன்னான், பாட ஆரம்பித்தான். முதல் அடி முடிவதற்குள் நெல்டா தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு நடந்துபோய் அந்த நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

யார் என்ன செய்யமுடியும்? பாட்டு நடக்கும்போது பேசக்கூடாது. எழுந்திரு என்று சொல்வதும் பேச்சுதானே. கோய் வாயைத் திறந்தான், மூடினான். டாயல் கண்ணால் சைகை காட்டிப் பார்த்தான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டைக் கேட்பவர்கள் எப்படி உட்காரவேண்டுமோ அப்படி உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்தது. முறை இடதுபக்கம்தான் போகும். எப்போதும் அப்படித்தான்.

"இத நான் எழுதினேன்" என்றாள் நெல்டா. "கூட டாயலும் ரெக்ஸும் இருந்தாங்க. லீலண்டும் இருந்தாரு, தூங்கிட்டு. நான் நின்னுட்டிருந்தேன். இப்ப உக்காந்துட்டேன்."

ஜனங்கள் சிரித்தார்கள். ஏதோ ஏற்பாடு என்று நினைத்திருப்பார்கள். அவள் பாட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. இப்போது கேட்டார்களே, அதே பாட்டு. கிடார் இல்லை. சர்ச்சில் பின்வரிசையிலிருந்து பாடுகிற குரல், அவ்வளவு பிரமாதம் என்று சொல்லமாட்டேன். கடைசியில் புருஷன் பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வருவதாக டாயல் ஒரு அடி கட்டியிருந்தான். நெல்டா அதைப் பாடவில்லை. வெர்ன் வரவில்லையே. பல்பு இல்லாத வாசலோடு நிறுத்திவிட்டாள். நடுவில் யாரோ கிசுகிசுத்தபோது அதட்ட ஆள் இல்லாமல் கோய்தான் உதட்டில் விரல் வைத்தான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மேவிஸின் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் கேட்கும்படி கை தட்டினார்கள். டாயல் சரியாக இருந்த கம்பியைத் திருகிக்கொண்டே இருந்தான், தலையைத் தூக்கவில்லை. அடுத்தது ரெக்ஸ். அவன் கிடாரைப் பார்த்துக்கொண்டே, "இப்ப பாடப்போறத நானும் டாயலும் எழுதினோம்" என்றான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். "போன பாட்ட நாங்க மூணு பேரும் மிஸ் நெல்டாவும் சேந்து எழுதினோம்."

அவள் அதைக் கேட்டாள். ரெக்ஸின் பாட்டு முடியும்வரை அசையாமல் இருந்தாள், நடுவில் எழுந்து போவது அவளுக்கே ஆகாது. முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தாள். கோய் வேலையை விட்டு நீக்கினான் என்பதும் பொய். அவன் வாசலுக்கே போய் நின்று, அடுத்த வியாழன் வருவாய்தானே என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"நாக்ஸ்வில்காரர் வந்தா அங்க உக்காரச் சொல்லு" என்றாள். "நின்னுக்கிட்டே இருக்க விடாத."

அதற்குள் லீலண்ட் தன் பாட்டைத் தொடங்கிவிட்டான். வெளியே இன்னும் வெயில் இருந்தது. அந்தக் கதவில் ஸ்பிரிங் உண்டு, விட்டால் அறையும். நெல்டா வெளியே போய்த் திரும்பி நின்று, உள்ளங்கையால் கதவைப் பிடித்து, நிலையில் படுகிறவரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். சத்தமே வரவில்லை.