சம்மனசு கேட்காத கேள்வி

என் சின்ன மகளுக்கு அப்போது ஆறு வயது. அந்த வயதுப் பிள்ளை தான் செய்த தப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, "இதனாலயாம்மா? இல்ல, இதனாலயா?" என்று கேட்டுத் தேம்பித் தேம்பி அழுததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

எழுபதுகளின் கடைசி அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து, ஊரில் பாதி வீடுகளுக்குக் கப்பலை வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. என் கணவர் ஒரு கப்பல் ஏஜென்சியில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை வெயிலில் நின்று எண்ணிக் குறிக்கிற வேலை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த வருடம் மெட்ராஸிலிருந்து புது மானேஜர் மாற்றலாகி வந்தார். எங்களைப் போல அவர்களும் கத்தோலிக்கர்தான். ஆபீஸ் பிள்ளைகளுக்கெல்லாம் கிறிஸ்மஸ் பார்ட்டி வைக்க வேண்டும் என்று மானேஜரின் மனைவிக்கு ஓர் ஆசை. அதற்கு முன்னால் அப்படி ஒன்று அங்கே நடந்ததில்லை.

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் என்றால் குடில்தான். கல்யாணத்துக்கு முன்னால் நான் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் என்கிற வேதபாடம் சொல்லிக்கொடுத்தவள். அந்தப் பழக்கம் விடவில்லை. டிசம்பர் பிறந்ததும் பனையோலை வாங்கிக் கூரை கட்டி, கடற்கரை மணல் பரப்பி, மண் பொம்மைகளை ஒவ்வொரு நாளாக எடுத்து வைப்போம். பொம்மைக்கு ஒரு கதை. மாதா வைக்கும் நாளில் மாதாவின் கதை, சம்மனசு என்று நாங்கள் சொல்லும் வானதூதரை வைக்கும் நாளில் அவர் கதை, கழுதை வைக்கும் நாளில் கழுதையின் கதை. மீன் கழுவிக்கொண்டும் அரிசி களைந்துகொண்டும்தான் சொல்வேன். பிள்ளைகள் இரண்டும் சும்மா கேட்காது.

"சம்மனசு ஏம்மா ராசாட்டப் போவாம ஆட்டுக்காரங்ககிட்டப் போச்சு?" என்று சின்னவள் கேட்பாள்.

"ராசா வீட்டு வாசல்ல காவக்காரன் நிப்பாம்லா, உள்ள விடுவானா?" என்பாள் ஒன்பது வயதுப் பெரியவள்.

இப்படிப் பேசிப் பேசி வளர்ந்த பிள்ளைகளைத்தான் வெளுத்த கவுன் போட்டு, தலைவாரி, பார்ட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆபீஸின் சரக்குக் கிட்டங்கிக்கு மேல் மாடியில் ஒரு பெரிய அறை. சவுக்கு மரக் கிளையை வாளியில் நட்டு, பஞ்சும் கலர் பல்பும் தொங்கவிட்டிருந்தார்கள். கேக்கும் கலர் சோடாவும் கொடுத்தார்கள். அதுவரை ஒரு குறையும் இல்லை. பிறகு சிவப்புச் சட்டையும் பஞ்சுத் தாடியும் முகமூடியுமாகக் கிறிஸ்மஸ் தாத்தா வந்தார். ஆபீஸ் ஹெட்கிளார்க்தான். பாவம், அந்த உடுப்புக்குள் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில் மானேஜரின் மனைவி நின்று, மூட்டையிலிருந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போய் நின்றதும் தாத்தா கேட்பார்: "இந்த வருசம் நல்ல பிள்ளையா இருந்தியா?" பிள்ளை தலையாட்டும். பொட்டலம் கைக்கு வரும்.

முதலில் மானேஜரின் மகன். கப்பலில் வந்த பேட்டரிக் கார். தரையில் வைத்ததும் விளக்கு எரிந்து தானே ஓடியது. பிள்ளைகள் எல்லாம் 'ஓ'வென்று கத்தின. அடுத்து அக்கவுண்டன்ட் மகளுக்குக் கண் மூடித் திறக்கிற பொம்மை. அப்புறம் அடுத்தடுத்த மேசைகளின் பிள்ளைகள். பொட்டலம் சிறிதாகிக்கொண்டே வந்தது. என் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஊதலும் ஒரு பலூனும். கடைசியில் வாட்ச்மேன் மகள். அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளையும் "நல்ல பிள்ளையா இருந்தியா?" என்று கேட்டுவிட்டு, கையில் கொஞ்சம் பெப்பர்மின்ட் போட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகளை அழைக்கவே இல்லை.

சம்பளத்துக்குத் தக்கபடி பரிசு. அதையாவது வாய்விட்டுச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மானேஜரின் மனைவி கைதட்டி எல்லோரையும் அமரச் சொல்லிவிட்டுப் பேசினார்: "சில்ரன், தாத்தாவுக்கு எல்லாம் தெரியும். யார் எவ்வளவு நல்லவங்களா இருந்தாங்களோ அதுக்குத் தகுந்த பிரசன்ட்தான் கிடைக்கும். சின்னதா கிடைச்சவங்க அடுத்த வருஷம் இன்னும் நல்லா இருக்கணும், சரியா?"

"சரி மேடம்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். என் சின்னவளும் சொன்னாள்.

வீடு வரும் வழியெல்லாம் அவள் ஊதலைக் கையிலேயே வைத்திருந்தாள். ஊதவே இல்லை. விளக்கு வைத்த பிறகு அடுக்களைக்கு வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நான் அக்கா சிலேட்ட ஒடச்சேம்லா, அதனாலயா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "எதுளா?"

"தாத்தா எனக்கு ஊதல் தந்தது. இல்ல, கருப்பட்டிய ஒனக்குத் தெரியாம எடுத்துத் தின்னேனே, அதனாலயா? பூசையில தூங்கினேன். அதயும் பாத்துட்டாராம்மா?"

சொல்லிக்கொண்டே வந்தவள் உடைந்துபோய் அழுதாள். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பிள்ளைக்கு முன்னால் நான் அழுததில்லை. அன்றைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கணவர் வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். அதை ஆணியில் மாட்டினார்.

"விடு. சின்னப் பிள்ள. ரெண்டு நாள்ல மறந்துரும்."

"மறக்கவா? நீங்க சாக்கு எண்ணுததால ஒங்க பிள்ள கெட்ட பிள்ளைன்னு சொல்லி அனுப்பிருக்காவ. அத அதுவும் நம்பிட்டு. நான் நாளைக்கு அந்தம்மா வீட்டுக்குப் போறேன்."

"ஏளா, வேல பாக்குத எடம்."

"எனக்குத் தெரியும். நீங்க வரவேண்டாம்."

அவர் தடுக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலையில் போனேன். மானேஜரின் மனைவி கேக்குக்குத் திராட்சை நறுக்கிக்கொண்டிருந்தார். நல்லபடியாகவே உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"நேத்து பார்ட்டி நல்லா இருந்துச்சா?" என்றார்.

"என் மக ராத்திரி சரியாச் சாப்பிடல. தான் என்ன பாவம் செஞ்சோம்னு எண்ணி எண்ணிப் பாக்குதா. நீங்க வந்து அவகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். அந்தப் பரிசுக்கும் அவ நல்லவளா கெட்டவளாங்கிறதுக்கும் சம்மந்தம் இல்லன்னு சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

அவர் சிரித்தார். "இதுக்குப் போயா? எல்லா ஊர்லயும் தாத்தா அப்படித்தானே சொல்வார்? குழந்தைங்களுக்கு ஒரு டிசிப்ளின் வரும். வேற பிரசன்ட் வேணும்னா சொல்லுங்க, உள்ள ஒரு பொம்மை இருக்கு."

இரக்கப்படுகிற மாதிரி சொன்ன அந்தப் பேச்சு என்னைச் சுட்டது.

"நான் பொம்ம கேட்டு வரல. நீங்களும் கோயில்ல முன்வரிசையில உக்காந்து பூச பாக்குறவங்கதான். சேசு பாலன் நல்ல பிள்ளைக யாரு, கெட்ட பிள்ளைக யாருன்னு பாத்தா பிறந்தாரு? நாம நல்லவங்களா இருந்திருந்தா அவரு வரவேண்டியதே இல்லையே. பிள்ளைக்கு நான் வருசம் பூரா சொல்லிக்கொடுத்தத நீங்க ஒரு சாயங்காலத்துல தலைகீழா மாத்திட்டீங்க. அந்த வாட்ச்மேன் மக என்ன கெட்டது செஞ்சா? சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. கத்தியைக் கீழே வைத்தார்.

"உங்க ஹஸ்பண்ட் நம்ம ஆபீஸ்லதானே இருக்கார்? நீங்க இங்க வந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தெருவில் நடக்கும்போது, இன்னும் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

மானேஜரின் மனைவி வரமாட்டார் என்றானபின் நான்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆட்டுக்காரர்களை வைக்கும் நாள். சின்னவளைக் குடில் முன்னால் உட்கார வைத்தேன்.

"சம்மனசு இவங்ககிட்ட வந்துச்சே, மொதல்ல என்ன கேட்டுச்சு?"

யோசித்தாள். "ஒண்ணும் கேக்கல. பயப்படாதீங்கன்னு சொல்லிச்சு."

"நீங்க நல்லவங்களா இருந்தீங்களான்னு கேக்கலையா?"

"கேக்கல."

"அப்ப அவங்க கெட்டவங்களா இருந்திருந்தா?"

"தெரியலையே." பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். "அப்பவும் சொல்லிருக்கும். அதுதான் கேக்கவே இல்லையே."

"அவ்வளவுதான் மக்கா. சேசு பாலன் பரிசு கொடுக்க வரல. அவருதான் பரிசு. சிலேட்ட ஒடச்சவளுக்கும் வந்தாரு, கருப்பட்டி தின்னவளுக்கும் வந்தாரு. சின்னது பெருசுன்னு கிடையாது."

அவள் முகம் தெளிந்தது. பெரியவள் பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னவள் திடீரென்று திரும்பினாள்.

"மானேஜர் வீட்டுப் பையனுக்குமா?"

ஓர் ஆட்டுக்காரன் பொம்மையை மணலில் நேராக நிறுத்தினேன்.

"அவன் கார தொட்டேன்னு என் கையில கிள்ளுனான், அவனுக்குமா? அந்த மேடத்துக்குமா?"

அந்த நேரத்தில் அந்த அம்மாளுக்கு எதையும் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் சொல்லிக்கொடுப்பது நான். இல்லை என்றால் நானும் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு ஆள் பார்த்துக் கொடுக்கிறவள் ஆகிவிடுவேன்.

"அவங்களுக்கும்தான்" என்றேன்.

"சரி" என்று அவள் எழுந்து விளையாடப் போய்விட்டாள். எனக்குத்தான் அது அவ்வளவு லேசில் இறங்கவில்லை.

தை மாதம் என் கணவரை நிலக்கரி இறக்கும் தளத்துக்கு மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. தினமும் காது மடலுக்குள் கரி அப்பிக்கொண்டு வருவார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

அடுத்த டிசம்பரில் பார்ட்டி பற்றி ஆபீஸில் பேச்சு வந்தபோது, அதிர்ந்து பேசாத அந்த மனிதர் எழுந்து, "எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி ஒரு பொட்டலம் கொடுங்க, சார். லோடுமேன் பிள்ளைகளையும் கூப்பிடுங்க. இல்லன்னா என் பிள்ளைக வராது" என்றாராம். இன்னும் சில கிளார்க்குகள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அந்த வருடம் பார்ட்டியே கிடையாது என்று நோட்டீஸ் போட்டுவிட்டார்கள்.

தெருக் குழாயடியில் இன்னொரு கிளார்க்கின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்னால பிள்ளைகளுக்குக் கெடச்ச கேக்கும் போச்சு. ஒனக்கு எதுக்குளா இந்த வம்பு?"

அவள் மகன் போன வருடம் ஊதலை ஊதிக்கொண்டே வீடு போனவன். அவளிடம் என்ன சொல்வது? "கேக்கு நான் செஞ்சு தாரேன். பிள்ளைய அனுப்பு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அவள் அனுப்பவில்லை.