தட்டில் மட்டும் வேலை செய்த மருந்து

சிதம்பரம் பக்கத்துக் கிள்ளை ஊரின் கடலோரச் சேற்றிலிருந்து ஆரோக்கிய அனிதா பிரித்தெடுத்த சிவப்பு பாக்டீரியாவைப் பற்றிக் கடலூரில் அவளைவிட அதிகம் பேசியவர் அவள் அப்பா சந்தியாகுதான். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரி இறங்குவதற்குள் மகளின் ஆராய்ச்சி முழுவதையும் கேட்டாக வேண்டும்.

தப்பு அனிதா மேலும் உண்டு. 2009இல் ஒருநாள் அவரைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய்த் தன் ஆய்வுக்கூடத்தைக் காட்டினாள். கண்ணாடித் தட்டு நிறையக் கிருமி. நடுவே அந்த பாக்டீரியா சுரந்த சிவப்புச் சாயம் ஒரு சொட்டு. அதைச் சுற்றி மட்டும் ஒரு கிருமியும் இல்லை. "புண்ணுல சீழ் வைக்கிற கிருமிப்பா இது" என்றாள், பெருமை தாங்காமல். அடுத்த ஞாயிறே அவர் மாதா கோயிலில் பூசைக்குப் பணம் கட்டிவிட்டார். "அனிதாவின் மருந்து வெற்றி பெற வேண்டி" என்று பங்குச் சாமியார் பீடத்திலிருந்து வாசித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் இனித்தது.

சர்க்கரை நோய்க்காரரான சந்தியாகுவின் கால்விரலில் புண் வந்தது அதற்குப் பிறகுதான். விரலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். இவர் மசியவில்லை.

"என் பொண்ணு மருந்து வருது. எதுக்கு வெட்டணும்?"

"அப்பா, அது தட்டுலதான் வேலை செய்யுது. இன்னும் எலிக்கே குடுத்துப் பாக்கல. மனுசனுக்கு வர வருசக்கணக்காவும்."

"எலிக்குக் குடுக்கறத எனக்குக் குடு."

கெஞ்சினாள், கத்தினாள், சாமியாரை விட்டும் சொல்லவைத்தாள். புண் கறுத்து மேலே ஏறியது. கடைசியில் வேறு வழி தெரியாமல் ஒரு பொய் சொன்னாள்: "அழுகினத எடுத்தாத்தான்பா மருந்து போட முடியும்." மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். ஆனால் விரலோடு போகிற கட்டம் தாண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவர் காலில் போட்டிருந்த துணிக்கட்டைத்தான் பார்த்தார். ரத்தம் கசிந்து சிவந்திருந்தது. நர்ஸைக் கூப்பிட எழுந்த அனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டுட்டியாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்து அவளால் முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தாள்.

சந்தியாகு பக்கத்துக் கட்டில் பொன்னுரங்கத்திடம் திரும்பினார். அவர் காலிலும் புண்தான். "எம்பொண்ணு மருந்துங்க. நல்லா செவப்பா இருக்குது, பாத்தீங்களா?"

பொன்னுரங்கம் சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தார். கட்டைப் பார்த்தார், அனிதாவைப் பார்த்தார்.

"எனக்கும் நாளைக்குக் கால எடுக்கணும்னு சொல்றாங்க பாப்பா. வேணான்னு சொல்லிடட்டுமா?"